இடது கையில் கட்டிய காப்பு

என் மனைவியின் இடது கை அந்த நாட்களில் பேசும். சும்மா சொல்லவில்லை, காதை வைத்தால் கிர்ர் என்று கேட்கும்.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. அவள் தம்பி தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொல்லி, அவனுக்குப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஊசி போட வாகாக, இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே ரத்தம் பாய்கிற வேகத்தில்தான் அந்தச் சத்தம். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், சத்தம் நின்றால் உடனே ஓடி வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் சாமி கும்பிட்டுவிட்டு நேரே குசினிக்குப் போய், அடுப்பெதிரே நிற்கும் அவள் கையில் காதை வைப்பேன்.

"நம்ம மில்லுல தறி ஓடுற மாதிரியே இருக்கு."

"ஏன், வீட்லயும் ஒரு ஷிப்டு பாக்கணுமா உங்களுக்கு?" என்பாள்.

அந்தக் கையில் வளையல் கூடாது, வாட்ச் கூடாது, குடம் தூக்கக் கூடாது. வளையலை எல்லாம் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். தெருவில் பெண்கள் வெறும் கையைப் பார்த்தால், "பாதிச் சுமங்கலின்னு வச்சிக்கோங்க" என்று அவளே சிரித்துவிடுவாள். எனக்குத்தான் மனசு கேட்காது.

அந்த வருஷம் ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் அவளுக்குக் காப்புக் கட்டுவதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் பஸ் பிடித்துப் போய்விட்டோம். நல்ல கூட்டம். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் கொடுத்து, "நீயே கட்டிவுடுப்பா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்று நகர்ந்தார். பெண்களுக்கு இடது கையில் கட்டுவதுதான் முறை. நானும் இடது கையிலேயே கட்டினேன். டாக்டர் வளையல் கூடாது என்றார், வாட்ச் கூடாது என்றார், கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! அதுவும் அம்மன் கயிறு.

எனக்கு மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற வேலை. என் முடிச்சு அவிழாது என்று மேஸ்திரியே சொல்வார். மூன்று முடிச்சு போட்டேன். அப்புறம் அவள் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். பஞ்சிலேயே வளர்ந்த எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சாமி நினைப்பில் தோன்றவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள்.

"ஏங்க, கை பேசல."

நான் காதை வைத்தேன். பஸ் இரைச்சல்தான் கேட்டது. பக்கத்து சீட்டுக்காரரிடம் பேனாக்கத்தி வாங்கி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கயிற்றை அறுத்தேன். கயிற்றின் தடம் மட்டும் சிவப்பாக நின்றது. சத்தம் வரவில்லை. இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்றார்கள். இந்தக் கை போனால் மறு கையில் புதிதாகத் தைத்து, அது ஊசி தாங்கும் அளவுக்குத் தேற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவள் உடம்பு அதுவரை தாங்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். இளம் வயது, கையில் ஒரு தடித்த நோட்டு. "ஒரு புது வழி இருக்கு. கத்தி வைக்காம, மெல்லிசா ஒரு ட்யூப்ப அடைப்பு வரைக்கும் வுட்டு, ரத்தக் கட்டிய கரைக்கிற மருந்த கொஞ்சம் கொஞ்சமா எறக்குவோம். இங்க சில பேருக்குத்தான் செஞ்சிருக்கோம். எது சரியா வருது, எது வரலன்னு எழுதிக்கிட்டு வரோம். மறைக்காம சொல்லுங்க, எப்படி நின்னுது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. "பஸ் கம்பியில இடிச்சிக்கிச்சு சார்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். "அடிபட்டிருந்தா இந்த மருந்து குடுக்க முடியாதே. உள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிடும்."

அவள்தான் வாயைத் திறந்தாள்.

"கற்பூரத்த கண்ணுல ஒத்துன சூடு ஆறல, அதுக்குள்ள பொய்யா? டாக்டர், அடியும் இல்ல இடியும் இல்ல. இவரு கட்டுன காப்புதான். ஏழு மணிக்குக் கட்டுனாரு, ஒம்போது மணிக்கு நின்னு போச்சு."

ஜேபியில் பத்திரமாக வைத்திருந்த அறுந்த கயிற்றை எடுத்து நீட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கெட்டியான முடிச்சு சார்" என்றார். பிறகு நோட்டைத் திறந்தார். "ஒம்போது மணின்னா கட்டி புதுசு. கரையறதுக்கு வாய்ப்பு அதிகம்."

எனக்கு ஒரு கனமான ஈய அங்கியை மாட்டிக் கொஞ்ச நேரம் உள்ளே நிற்கவிட்டார்கள். டிவி மாதிரி ஒரு பெட்டியில் அவள் கையின் ரத்தக் குழாய் கறுப்பாக ஓடி, மணிக்கட்டுக்கு மேலே பட்டென்று நின்றிருந்தது. அப்புறம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த அம்மன் பெயரையெல்லாம் சொன்னேன். பெயர் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சாயங்கால விளக்கு போடும்போது நர்ஸ் கூப்பிட்டார். பெட்டியில் கறுப்புக் கோடு இப்போது நிற்காமல் தோள் வரைக்கும் போனது. "காத வச்சிப் பாருங்க" என்றார் டாக்டர். குனிந்தேன். கிர்ர்.

"ஷிப்டு ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. டாக்டரும் சிரித்துவிட்டார்.

அந்தக் கைதான் தம்பியின் சிறுநீரகத்தைப் பொருத்தும் நாள் வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வீட்டுக்குப் போகும் அன்று டாக்டர் என்னை அழைத்தார். "கயிறு கட்டக் கூடாதுன்னு எங்க யாருக்கும் சொல்லத் தோணல. நோயாளிங்களுக்குக் குடுக்கிற சீட்டுல சேர்க்கணும். நாங்க எழுதுனா சாமி குத்தம்னு கேக்க மாட்டாங்க. நீங்க எழுதிக் குடுங்க."

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். வீட்டில் விளக்கேற்றிவிட்டு, நாலைந்து தாள் கிழித்து, இப்படி எழுதினேன்: 'தையல் போட்ட கையில் காப்புக் கட்ட வேண்டாம். மறு கையில் கட்டவும். அம்மன் ஏற்றுக்கொள்வாள்.'

அவள் படித்துப் பார்த்தாள். "இன்னொண்ணு சேருங்க" என்றாள். "வீட்டுக்காரர கட்டவுட வேணாம்."

அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.