வவுனியாவிலிருந்து வந்த பதினாறு நட்டுகள்

1. சனிக்கிழமைச் செய்தி

வல்லை வெளியில் ஒரு காரின் முன்சில்லு கழன்று, வீதியைக் கடந்து, தண்ணீருக்குள் போய் விழுந்தது. அந்தச் சில்லை முதல்நாள் பூட்டி அனுப்பியது எங்கள் கடை. செய்தி வந்தபோது முதலாளி கேட்ட முதல் கேள்வி, "கார்க்காரன் எங்கடை கடைப் பேரை ஆருக்கும் சொன்னவனோ?" என்பதுதான். உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அதை நான்தான் கேட்டேன். உயிருக்கு ஆபத்தில்லை என்பது மட்டும் தெரிந்தது.

சாவகச்சேரியில், ஏ9 வீதியோரம், ரயரும் அலோய் வீலும் விற்றுப் பூட்டிக் கொடுக்கும் கடை அது. உதிரிப்பாகப் பகுதி என் பொறுப்பு. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். என் அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2. வெள்ளிக்கிழமை

முதலில் நட்டைப் பற்றி. புரி பிடித்தால் நட்டு சரி என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது பாதி. நட்டின் அடிப்பக்கம் வீலின் துளையில் எப்படி உட்காருகிறது என்பது மற்றப் பாதி. சிவநேசன் அண்ணையின் காருக்குக் கம்பனியில் வந்த நட்டு வாஷர் வைத்தது, அடி தட்டை. அவர் புதிதாக வாங்கிவந்த வீலின் துளையோ புனல் போல உள்ளே சாய்ந்தது. அதற்குச் சாய்வு நட்டுத்தான் வேண்டும். தட்டை வாஷர் அந்தப் புனலின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். முறுக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். ஓட ஓட விளிம்பு நசிந்து நட்டு இளகும்.

சிவநேசன் அண்ணை பண்டத்தரிப்பில் இருந்து ஹயருக்குக் கார் ஓடுபவர். கொழும்பில் ஒருவரிடம் நாலு வீலையும் வாங்கியிருந்தார். நட்டு வாங்கவில்லை. எங்களிடம் அந்த அளவில் சாய்வு நட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐந்து கடைக்குப் போனில் கோல் எடுத்தேன், அங்கும் இல்லை. வவுனியாவில் ஒரு கடையில் பதினாறும் இருந்தது. பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும்.

"பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது, தங்கச்சி. அதுக்கு முன்னம் பிள்ளையாரடியிலை தேசிக்காய் வைச்சு அதுக்கு மேலை சில்லை ஏத்தவேணும்," என்றார் அவர்.

பழைய வீலோடு போய் ஏற்றிவிட்டு மத்தியானம் வாருங்கள் என்றேன். பழைய சில்லால் தேசிக்காய் நசிப்பதில் என்ன பிரயோசனம் என்று கேட்டார்.

முதலாளி வந்து பழைய நட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். புரி பிடிக்கிறது, பூட்டு என்று யோகன் அண்ணையிடம் சொன்னார். எங்கள் கடையின் பழைய ஃபிட்டர் அவர். நான் விடவில்லை. துளையில் கிரீஸ் பூசி, நட்டை முறுக்கி, திரும்பக் கழற்றிக் காட்டினேன். வாஷர் தொட்ட இடம் நூல் மாதிரி ஒரு மெல்லிய வட்டம்.

"பிள்ளை, உது கொப்பியிலை எழுதுற விசயம்," என்றார் முதலாளி. "நான் முப்பது வருசமாப் பூட்டுறன். ஒரு சில்லும் கழரேல்லை."

யோகன் அண்ணை குனிந்தபடியே சொன்னார்: "மிஸ் இனி நட்டுக்குச் சோதனை வைப்பா. பாஸ் பண்ணினால்தான் கார் வெளியிலை போகும்."

சிவநேசன் அண்ணை சிரித்தார். யாருடைய உயிருக்காக நான் வாதாடினேனோ அவரே சிரித்தார்.

"சரி, உங்கடை விருப்பம்," என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்குக் கார் போனது. பன்னிரண்டு மணிக்குக் கொண்டக்டர் பொதியைத் தந்தார். பிரித்துப் பதினாறையும் அளந்து பார்த்தேன். எல்லாம் சரி. பொதியில் நாளும் நேரமும் எழுதி உதிரிப்பாகத் தட்டில் வைத்தேன். சிவநேசன் அண்ணையின் நம்பர் எனக்கு முன்னால் பில்லில் இருந்தது. தேவையென்றால் அவரே தேடி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

3. திங்கட்கிழமை

சிவநேசன் அண்ணை பஸ்ஸில் வந்தார். முதலாளி கதிரை போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, கொழும்புக்காரன் பழுதான வீலைத் தலையில் கட்டிவிட்டான் என்று தொடங்கினார். சத்தியமும் பண்ணினார்.

"வீலிலை ஒரு பிழையும் இல்லை," என்றேன். "பிழை நட்டிலை. அது உங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

வாயை மூடும் என்றார் முதலாளி. நான் மூடவில்லை. தட்டிலிருந்து பொதியை எடுத்துவந்து மேசையில் போட்டேன். இதுதான் போட்டிருக்க வேண்டிய நட்டு, நான் சொல்லச் சொல்ல நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள் என்றேன். யோகன் அண்ணை நிலத்தைப் பார்த்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சிவநேசன் அண்ணை பொதியைத் திருப்பி, நான் எழுதியிருந்ததை வாசித்தார்.

"வெள்ளிக்கிழமையே வந்திட்டுதோ?"

"ஓம்."

"என்ரை நம்பர் உம்மட்டை இருந்தது தானே?"

"ஓம்."

"நாங்கள் பருத்தித்துறைக்கு வெளிக்கிட்டது சனி காலமை, தங்கச்சி. மகள் முன் சீற்றிலை இருந்து அடிபட்டவள். நாடி கிழிஞ்சு நாலு இழை போட்டது."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

முதலாளி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறத் தேவையில்லை, அன்று அவர் செய்தது அநியாயம். ஆனால் வெள்ளி மத்தியானத்திலிருந்து சனி காலைவரை அந்தக் கார் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் நானும் பொறுப்பு. அந்த நேரமெல்லாம் சரியான நட்டு என் தட்டில் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன். உங்களையும் பார்த்துச் சிரிப்பார்கள். கோபப்படுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சிரித்தவனுக்கும் கோல் எடுங்கள். திட்டிக்கொண்டாவது எடுங்கள்.