கட்டைப்பையில் ஒரு காய்ந்த ஆர்க்கிட்: அறந்தாங்கியிலிருந்து திருவரங்குளம்

இந்த முறை ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. செத்துப்போன செடி ஒன்றுக்குப் பதிலாக, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றை யாருக்கும் தெரியாமல் வாங்கி மாட்டிவிடக் கிளம்பினேன். திருட்டு வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். தை மாதக் கடைசிச் சனிக்கிழமையான நேற்று, அறந்தாங்கியிலிருந்து ஆலங்குடி வழியாகத் திருவரங்குளம் போய், மதியத்துக்கு மேல் திரும்பிவிட்டேன். முழுக்க பஸ் பயணம். செடி வாங்க இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

போன வைகாசியில்தான் இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் மும்தாஜ் அக்கா. வந்த மூன்றே மாதத்தில் மொட்டைமாடியைத் தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவல்லி, பிரண்டை என்று நிரப்பிவிட்டேன். தெருவில் யாருக்காவது இருமல் என்றால் நேராக என் மாடிக்குத்தான் வருவார்கள். எதை ஊன்றினாலும் துளிர்க்கிறது, உனக்குக் கைராசி என்று நாலு பேர் சொல்லப்போக, நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஐப்பசியில் அக்காவின் மருமகளுக்கு ஷார்ஜாவில் நாளுக்கு முன்னாலேயே பிரசவமாகிவிட்டது. அக்கா அடித்துப் பிடித்து ஃபிளைட் ஏறினார். ஏறுவதற்கு முன் தன் ஆர்க்கிட்டை என் கையில் கொடுத்தார். எட்டு வருடத்துக்கு முன் ஊட்டியில் விரல் நீளத் துண்டாக வாங்கியதாம். ஆறு வருடம் ஒரு பூகூட விடவில்லை. கடந்த இரண்டு வருடமாகத்தான் மாசியில் பூக்கிறது. அந்தப் பூவின் போட்டோதான் அக்காவின் போனில் முகப்புப் படம். சொந்தத் தங்கை அடுத்த தெருவில் இருக்கும்போது, அதை என்னிடம் கொடுத்து, "தண்ணி மட்டும் பாத்து ஊத்து புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்துத்தான் ஊற்றினேன். காலையும் மாலையும் ஊற்றினேன். அந்தத் தொங்கும் கூடையில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும்தான் கிடந்தன, மண்ணே இல்லை. ஐயோ பாவம், பட்டினி போட்டிருக்கிறார்களே என்று செம்மண்ணும் மண்புழு உரமும் அள்ளிப் போட்டேன். வாரம் இரண்டு முறை பஞ்சகவ்யம் வேறு. கார்த்திகையில் இலைகள் மஞ்சளாகின. மார்கழி பிறப்பதற்குள் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டன. மிச்சம் நாலு காய்ந்த குச்சிகள், முழங்கை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு! வெறுத்துப்போய், கூடையை மாடிப்படி மூலையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அக்கா வாராவாரம், "செடி எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் செடி கைக்கு வந்த ஐப்பசியில் எடுத்து வைத்திருந்த போட்டோக்களில் ஒவ்வொன்றாக அனுப்புவேன், இலை தளதளவென்று இருக்கும் போட்டோக்கள். அக்கா பதிலுக்கு "ம்ம்" என்று மட்டும் போடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் முள் குத்தும். போன திங்கட்கிழமை, "அடுத்த வாரம் பொதங்கிழமை வாரேன் புள்ள" என்று குரல்பதிவு வந்தது. நான் சனிக்கிழமைதான் லீவு எடுக்க முடியும். அதனால்தான் நேற்று.

காலை 7.10க்கு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் 28 ரூபாய். சாதாரண டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் அதற்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் கூடையை இறக்கி மடியில் வைத்திருந்தேன். அளவு பார்த்து வாங்க மாதிரி வேண்டுமே! குச்சிகள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னக்கா, ஆலங்குடில வெறகு கெடைக்காதா, இங்கேர்ந்து கட்டிக்கிட்டுப் போறீங்க?"

"வெறகு இல்லைங்க, ஆர்க்கிட்."

"பேரு என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விசில் அடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விசிலைப் பிடுங்கியிருப்பேன். கீரமங்கலத்தில் பூ மூட்டைகள் ஏறின. முல்லை, சம்பங்கி, பஸ்ஸெல்லாம் மணம். இத்தனை உயிருள்ள பூவுக்கு நடுவே என் மடியில் மட்டும் சவம் இருக்கிறதே என்று வாசனையைக்கூட அனுபவிக்க முடியவில்லை.

8.15க்கு ஆலங்குடி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, 45 ரூபாய். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் சாலையோரம் ஒரு நர்சரி. மா ஒட்டு, பலா, தென்னம்பிள்ளை, மல்லிப் பதியன் எல்லாம் திடமாக இருந்தன. வீட்டுக்கொல்லைக்கு மரக்கன்று வாங்க நல்ல இடம். ஆர்க்கிட் மட்டும் இல்லை. நர்சரிக்காரர் என் பையை எட்டிப் பார்த்து, "இது முடிஞ்சிருச்சும்மா, குப்பையில போட்டுட்டு ஒரு ரோசா வாங்கிட்டுப் போங்க" என்றார். ரோஜாவாம்! பிறகு அவரே மனமிரங்கி, "திருவரங்குளத்துக்கிட்ட ஒருத்தர் சிங்கப்பூர்லேர்ந்து வந்து வலை போட்டு இதுகள வளக்குறாரு. அங்கிட்டுப் போய்ப் பாருங்க" என்று வழி சொன்னார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

9.20க்குப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் திருவரங்குளம் பன்னிரண்டு கிலோமீட்டர், 12 ரூபாய். கோயிலைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த நேரத்திலேயே உள்ளே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். நான் வெளியிலிருந்தே கும்பிட்டேன். "ஈஸ்வரா, அதே நீளம், அதே மாதிரி ஒண்ணு கெடைக்கணும்" என்று வேண்டிக்கொண்டு, மானங்கெட்ட வேண்டுதல் என்று எனக்கே தோன்றிவிட்டது. அங்கிருந்து ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர், 60 ரூபாய்.

பச்சை நிழல்வலைக்குக் கீழே கால் வைத்ததும் வெயில் பாதியாகக் குறைந்தது. ஒரு பக்கம் முழுக்க மூலிகை: சிறியாநங்கை, நன்னாரி, திப்பிலி, வெட்டிவேர். மறுபக்கம் கம்பிகளில் வரிசையாக ஆர்க்கிட்டுகள். சில ஊதா, சில வெள்ளை, மண்ணே இல்லாமல் அந்தரத்தில் சேமியா மாதிரி வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு பூத்திருந்தன. நர்சரியை நடத்துபவர் முருகேசன், முப்பத்தைந்து வயதிருக்கும். சிங்கப்பூரில் ஓர் ஆர்க்கிட் பண்ணையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர்.

போனில் ஐப்பசி போட்டோவைக் காட்டினேன். "தம்பி, இதே மாதிரி ஒண்ணு வேணும். இதே நீளம், இதே நாலு கொடி. என்ன வெலைன்னாலும் பரவால்ல."

"எதுக்குக்கா அம்புட்டு சரியா?"

பையிலிருந்து கூடையை எடுத்துக் கீழே வைத்தேன். முருகேசன் உட்கார்ந்து, ஒரு குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. குச்சியின் கணுக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மிளகு அளவுக்குப் புடைப்புகள், வரிசையாக.

"இது என்னன்னு நெனச்சீங்க?"

"அழுகல்னு நெனச்சேன்."

"மொட்டுக்கா! இது எலை கொட்டுற ரகம். பனிக்காலத்துல மொட்டையா நிக்கும், அப்பறம் வெறும் குச்சியிலதான் பூக்கும். இன்னும் பதினஞ்சு இருவது நாள்ல பாருங்க."

பக்கத்தில் இருந்த உரமூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "தம்பி, வயித்துல பால வாத்தீங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"எப்பலேர்ந்து தண்ணி ஊத்தல?" என்று கேட்டார்.

"மார்கழியிலேர்ந்து. செத்துப்போச்சேன்னு விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி, செடிக்காரக்கா 'தண்ணி பாத்து ஊத்து'ன்னாங்கன்னு ரெண்டு வேளையும் ஊத்துனேன்."

"அதான் பொழச்சுச்சு" என்று சிரித்தார். "நீங்க இன்னும் பாசத்தக் காட்டியிருந்தா வேரெல்லாம் அழுகிப் போயிருக்கும். பாத்து ஊத்துன்னா அளவா ஊத்துன்னு அர்த்தம்க்கா, பாக்குறப்பல்லாம் ஊத்துன்னு இல்ல." எத்தனை மாதத் தலைக்கனம், ஒரு நிமிடத்தில் காலி. நான் கைவிட்டதுதான் அதற்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்!

பிறகு அரைமணி நேரம் அதற்கு வைத்தியம் நடந்தது. என் செம்மண்ணையும் உரத்தையும் மெதுவாகக் கழுவி எடுத்தார். கறுத்து நசநசத்த வேர்களைப் பிளேடால் நறுக்கினார். நல்ல வேளையாகப் பாதிக்கு மேல் வேர் வெள்ளையாகத் திடமாக இருந்தது. புதிய கரியும் தேங்காய் மட்டையும் போட்டுக் கட்டிக் கொடுத்தார். மொட்டு விரிந்து, புதுக்குருத்து வரும்வரை தண்ணீர் வேண்டாம், காலையில் லேசாகத் தெளித்தால் போதும் என்றார். இதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அதற்காகவே 180 ரூபாய்க்கு நன்னாரியும் திப்பிலியும் வாங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு நான் பார்த்தவரையில் சில விஷயங்கள். மூலிகைக் கன்றுகள் முப்பது ரூபாயிலிருந்து, பூத்த ஆர்க்கிட் 350லிருந்து 600 வரை. நம் வெயிலுக்குத் தாங்குகிற ரகம் எது என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள். கடையில் பார்க்க அழகாக இருக்கும் சில ரகங்கள் சித்திரையில் வெந்துபோகுமாம், அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். காலை பதினோரு மணிக்குள் போய்விட்டால் நிதானமாகப் பேச நேரம் கொடுப்பார். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது, வந்த ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். ஆனால் மனசு லேசாக இருந்ததால் நடையே தெரியவில்லை. வீட்டில் யாருடைய செடியையாவது பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், அது எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கைராசியை நம்பாதீர்கள்.

1.30க்கு ஆலங்குடியில் அறந்தாங்கி பஸ். ஜன்னலோர சீட். கட்டைப்பை மடியில். பஸ் நகர்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அப்போதுதான் உறைத்தது. செடி பிழைத்துவிட்டது, சரி. போன ஞாயிற்றுக்கிழமைகூட இலையோடு ஒரு போட்டோ அனுப்பினேனே! பத்து நாளில் எந்தச் செடியாவது மொத்த இலையையும் கொட்டுமா? புதன்கிழமை அக்கா இதைப் பார்த்த நிமிடமே என் பொய் முழுக்க வெளியே வந்துவிடும். தங்கையைவிட நம்பி ஒப்படைத்த மனுஷிக்கு வாராவாரம் பொய் சொல்லியிருக்கிறேன். இனி அந்த வீட்டில் எந்த முகத்தோடு படியேறி இறங்குவது?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மும்தாஜ் அக்கா, வீடியோ கால். எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

"எங்க புள்ள, பஸ்ஸுலயா போற?"

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். திட்டுனாலும் பரவால்ல." ஒரே மூச்சில் கொட்டினேன். "நான் அனுப்புன போட்டோ எல்லாம் பழசுக்கா. ஐப்பசியில எடுத்தது. ஒங்க செடியில மார்கழிக்கு முன்னாடியே எலை பூரா கொட்டிருச்சு. செத்துப்போச்சுன்னு பயந்து ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கக்கா." பையைச் சாய்த்துக் குச்சிகளைக் காட்டினேன்.

திரையில் அக்காவின் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"கிட்டக் காட்டு" என்றார். காட்டினேன். "ஒரு எலைகூட இல்லையா?"

"இல்லக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அடிப் பாவி! நீ அனுப்புன போட்டோவப் பாத்துப் பாத்து நான் இங்க நொந்து போயிக் கெடக்குறேன். பனிக்காலத்துல எலை கொட்டலன்னா அது பூக்காது புள்ள! தை மாசத்துலயும் தளதளன்னு நிக்கிதே, இந்த வருசம் பூ போச்சேன்னு மனச விட்டுட்டேன்."

"அப்ப ஏங்க்கா என்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அம்புட்டு ஆசையாப் பாத்துக்கிற. தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டன்னு எந்த வாயால சொல்றது? நீ வருத்தப்படுவியேன்னு 'ம்ம்'னு போட்டுட்டு இருந்துட்டேன்."

ஆறு வருடம் காத்திருந்து பெற்ற பூவை, என் மனம் நோகக்கூடாது என்று வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். நானோ இல்லாத இலையைக் காட்டி அவரை இரண்டு மாதம் அழவைத்திருக்கிறேன். பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். அங்கே அக்காவும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை.

போனை வைக்கும்முன் அக்கா சொன்னார்: "பொதங்கிழமை நான் வர்ற வரைக்கும் அதத் தொட்டுராத புள்ள. ஒனக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இரு."

சும்மா இருக்கிறேன்.