ஜிம்மியின் முதுகு நீர்

போன மாதம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் தள்ளி, அசையக் கூடாது என்றார்கள். எங்கே அசைய? மூக்குக்கு நேரே கூரை. வெளியே யாரோ ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்திருக்க வேண்டும். அந்த வாடை உள்ளே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஜிம்மி வந்து நின்றது. நின்றது என்பது தப்பு. அதற்கு நிற்க வராது.

அறுபதுகளில் தென்காசி மாட்டாஸ்பத்திரியில் நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாவது. இருந்தது மாமனார் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் உங்களுக்குத் தெரியும். சோற்றுக்குக் குறைவில்லை, செருப்பை மாட்டினால் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். சாரல் விழுந்தால் ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். நான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஜிம்மி, குற்றாலத்தில் ஒரு பங்களா நாய். முதலாளி ரப்பர் எஸ்டேட்காரர். கட்டைக் கால், நீள உடம்பு. கீரிப்பிள்ளையைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். பங்களா காவல்காரர் பரமசிவம் அண்ணாச்சி அதைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி தொங்கின.

"நேத்து கட்டில்லேர்ந்து குதிச்சுது தம்பி. காலையில எந்திரிக்கல. மொதலாளி ஞாயித்துக்கெழம வாராவ. இனி நடக்காதுன்னா ஊசியப் போட்டு முடிச்சிருங்காவ."

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம். "முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி வட்டு இருக்கும்யா. அது பிதுங்கி நரம்பை அமுக்குது" என்றார். நரம்பு செத்துவிட்டதா, அமுங்கிக் கிடக்கிறதா என்று வெளியே தெரியாது. தண்டுவடத்தைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறதாம். நரம்பு நசுங்கினால் அதிலுள்ள என்சைம் என்கிற சரக்கு அந்த நீரில் கசியுமாம். அதிகம் இருந்தால் போச்சு. குறைவென்றால் படுக்கப் போட்டுப் பார்க்கலாம்.

"நிச்சயம்னு சொல்ல முடியாது. இப்பத்தான் இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றும் சொன்னார்.

மயக்க ஊசி போட்டதும் அதன் மோவாயை நெஞ்சோடு மடக்கி நான் பிடித்தேன். பிடரியில் ஊசி இறங்கியது. "அசைஞ்சே, நாய் போச்சு." மூச்சை அடக்கினேன். அந்த நேரம் பார்த்து என் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. நாய்க்குத்தான் மயக்கம், எனக்கு இல்லையே. நீர் சொட்டுச் சொட்டாக வந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவு.

சோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்ப ஐஸ் வேண்டும். கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக ரயிலில் வரும் மீன்கூடையை விட்டால் ஐஸ் ஏது? ஸ்டேஷனில் கெஞ்சி வாங்கி பிளாஸ்க்கில் அடைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். மாமனார் மூக்கைப் பொத்தினார்.

"மாப்ளே, வாங்கினது அயிலயா, சாளையா?"

"நாயோட முதுகுத் தண்ணி மாமா."

அன்றைக்கு என் பக்கத்தில் யாரும் இலை போடவில்லை.

முதலாளி வருவதற்கு முந்தின நாள் தந்தி வந்தது. குறைவுதான். டாக்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வைத்தியம் ஒன்றே ஒன்று. டீத்தூள் வந்த பலகைப் பெட்டியில், முதுகு அசையாதபடி, திரும்பக்கூட இடமில்லாமல், ஒரு மாதம் அடைத்துப் போட வேண்டும். ஒன்றுக்கு ரெண்டுக்குக் கூடத் தூக்கித்தான் பிடிக்க வேண்டும். முதலாளி சரி என்று சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். பெட்டி பங்களாவில். தினமும் பஸ்ஸில் போய்ப் பார்ப்பது என் வேலை.

அண்ணாச்சிக்கு அந்தப் பெட்டிதான் தாங்கவில்லை. பலகைச் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு ஜிம்மி அவரையே பார்க்கும். முனகும்.

"கொலகாரனக்கூட கொஞ்ச நேரம் வெளிய விடுதான். இது என்னலே பாவம் பண்ணிச்சு?"

பொழுது சாய்ந்ததும் மாமனார் வீட்டுக்குத் திரும்புவேன்.

கொஞ்ச நாளில், பின்னங்கால் விரலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்கு அப்புறம் ஒரு காலையில் போனால் பெட்டி காலி. சாரலுக்குள் அண்ணாச்சி வருகிறார். துண்டில் ஜிம்மி, சொட்டச் சொட்ட. நல்லெண்ணெய் வாடை.

"அருவிக்கா கொண்டு போனீய?"

"ஆமா தம்பி. எண்ணெயத் தேச்சு, புலியருவில ஓரமாத்தான் காட்டுனேன். அங்கன தண்ணி மெதுவாத்தான விழும். எனக்கு முதுகு புடிச்சப்ப அதான கேட்டுச்சு? ஊர்ப்பட்ட சனமும் முதுகுக்குத்தான இங்கன வருது?"

விரலைக் கிள்ளினேன். இழுக்கவில்லை. பலமாகக் கிள்ளினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசந்து தூங்குதோ தம்பி?"

டாக்டர் வந்தார். விரலை எலும்பு வரை அமுக்கிப் பார்த்தார். "அசைஞ்சதுல வட்டு முழுசாப் பிதுங்கிடுச்சு" என்றார்.

"அந்தத் தண்ணிய இன்னொருக்க எடுத்துப் பாருங்கய்யா. நானே புடிச்சுக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் பையைத் திறந்தார். எடுத்தது வேறு ஊசி. அண்ணாச்சியை அவர் திட்டவில்லை. முதலாளியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணாச்சிக்கு மனசு ஆறியிருக்கும்.

பங்களாவுக்குப் பின்னால் புதைத்தோம். அங்கே இப்போது லாட்ஜ். டாக்டர் மாற்றலாகிப் போனவர்தான், அப்புறம் தகவல் இல்லை. நாயின் முதுகு நீரை மீன் ஐஸில் வைத்து ரயிலேற்ற இன்று யாருக்கும் தேவையில்லை, ஸ்கேன் இருக்கிறது. அண்ணாச்சி கடைசிவரை குற்றாலத்தில்தான் இருந்தார். அருவிச் சத்தம் கேட்கும் வீடு. சாரல் தொடங்கினால் சன்னலைச் சாத்திவிடுவார். குளித்ததெல்லாம் கிணற்றடியில். அவர் போன பிறகு வீட்டை இடித்தார்கள். அப்புறம் கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள்.