அத்தை சுட்ட பை

மாமாவின் கைக்கடிகாரத்தில் வெள்ளை முகத்தின் நடுவே மூன்று கறுப்பு வட்டங்கள் இருந்தன. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் நீளமான சிவப்பு முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் அதுவரை கடிகாரம் என்றால் மங்கிய மஞ்சள் முகந்தான். இதுவோ தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். அம்மாவின் தம்பியான மாமா கெமாஸில் லோரி ஓட்டினார். அவர் வந்தால் பிள்ளைகள் நாங்கள் முள்ளை ஓடவிட்டு, மூச்சடக்கிப் பந்தயம் வைப்போம்.

அந்த வருஷம் கிளப்பில் சமையல் போட்டி. வழக்கமாக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண்கள்தான் கலந்துகொள்வார்கள். எங்களைப் போல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிப் பெண்கள் பாத்திரம் கழுவப் போவார்கள். துரை பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, துணிந்து பெயர் கொடுத்துவிட்டாள். செய்யப்போவது 'பை'. லயத்தில் எல்லோரும் தைக்கிற பை என்றுதான் நினைத்தார்கள். கோழிக்கறியை உள்ளே வைத்து மாவால் மூடிச் சுடுவது என்று அவள் விளக்கவேண்டியிருந்தது. பெரிய கிராணியின் மனைவி, "லயத்துல சப்பாத்தி மாவுதான பிசைவீங்க?" என்று சிரித்தாராம். அன்று அத்தை சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து மாலைதோறும் ஒத்திகை. சீனர் கடையில் ஐஸ்கட்டி வாங்கிவருவது என் வேலை. குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரல்நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்து, அழுத்திப் பிசையாமல் திரட்டி, ஐஸ்மேல் சட்டியை வைத்து அரைமணி நேரம் விடவேண்டும். அந்த அரைமணியைப் பார்க்க மாமாவின் கடிகாரம்தான் வேண்டும் என்றாள் அத்தை. மாமாவும் எப்படியோ தவறாமல் வந்து சேர்ந்தார். முறைப்பையன் என்பதால் அவள் அவரிடம் நேராகப் பேசமாட்டாள்.

"உங்க மாமாகிட்ட கேளு, டைம் ஆச்சான்னு."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு லா," என்பார் மாமா, என்னைப் பார்க்காமலே.

போட்டியன்று எல்லோர் முன்னாலும் மாவு பிசையவேண்டும் என்றார்கள். ஒரே புழுக்கம். கிராணியம்மாவின் வெண்ணெய் உருகி, மாவு கையோடு ஒட்டிக்கொண்டது. அத்தை கைகளை ஐஸ் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். அவள் மாவுச் சட்டியை ஐஸ்மேல் வைத்துச் சற்று நேரம் ஆனதும் நான் மாமாவிடம் ஓடினேன். சிவப்பு முள் பன்னிரண்டிலேயே நின்றது. பொத்தானை அமுக்கவே மறந்து, அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்று அத்தையிடம் வந்து சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

"பேசாம நிக்கச் சொல்லு லா. மாவு பதம் எனக்குத் தெரியாதா?"

விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், எடுத்தாள், கண்ணாடிப் போத்தலை உருட்டி மாவைத் தேய்த்தாள்.

அடுப்பிலிருந்து வந்த பை பொன்னிறமாக உப்பியிருந்தது. நடுவராக இருந்த துரையம்மா கத்தி வைத்ததும் மேலோடு ஏடு ஏடாக நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதல் பரிசுக்கு அத்தையின் பெயரை வாசித்தபோது, பின்னால் நின்ற லயத்துச் சனம் அடித்த விசிலில் கிளப்பே அதிர்ந்தது. பெரிய கிராணியின் மனைவி தானே வந்து தட்டை நீட்டினார். அத்தை பெரிய துண்டாகவே வெட்டி வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், பதம் தெரிந்தவளுக்கு இத்தனை நாளும் கடிகாரம் எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஏனோ மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

தை மாதம் கல்யாணம். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அத்தைக்கு அந்தக் கடிகாரம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.