கணக்கில் ஏறாத காதுகள்

துலுக்கானம் தன் மகளைத் தலைமுழுகியது தெருக்குழாயடியில். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே முழுகினார். அருள்மொழி ஜஸ்டினைக் கட்டிக்கொண்டு பட்டாபிராமுக்குப் போன அன்று, மேனாம்பேட்டில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களை விலக்கிவிட்டு, ஒரு குடத்தைத் தூக்கிச் சட்டையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டார். "இத்தோட சரி. எனக்குப் பொண்ணு இல்ல," என்றார். குடம் வேறு யாருடையதோ.

மனைவி சுலோசனா துண்டை நீட்டினாள். "தண்ணி ஊத்தினா பூடுமா? பெத்தவ நானு," என்றாள். அடுத்த ஞாயிறே ரயிலேறிப் பட்டாபிராம் போய்வந்தாள். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின.

மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. இரும்புத் தகட்டை வைத்து மிதியை மிதித்தால் பிரஸ் தம்மென்று இறங்கும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று ஒரு காது மந்தம். பிள்ளைகுட்டி எத்தனை என்று அங்கே யாராவது கேட்டால் "இல்ல" என்பார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது, மூஞ்சி அப்படி.

ஒருநாள் சோறு போடும்போது சுலோசனா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பட்டாபிராம்ல அது ஏதோ பாட்காஸ்ட்டு பண்ணுதாம். வாரா வாரம் பேசி நெட்ல போடுதாம். ரயில்ல லேடீஸ் பெட்டில வர்ற பொம்பளைங்க கதை. யாரு வோணா கேக்கலாமாம்."

"ரசம் ஊத்து," என்றார் துலுக்கானம்.

மறுநாள் அவள் கடைக்குப் போனதும் பரண்மேல் கிடந்த மகளின் பழைய போனை எடுத்தார். மூலையில் கண்ணாடி விரிந்து, பேட்டரி உப்பி, பின்மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்ட போன். சிம் கிடையாது. ரீசார்ஜ் கடையில் நீட்டி, ரயில் பெண்கள் கதை பேசுகிற பாட்காஸ்ட் வேண்டும் என்றார். கடைப் பெண் தட்டித் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "போன் கெழவியாயிடுச்சி நைனா. இதுல ஆப்பு எறங்காது. இந்தப் பக்கத்தைத் தொறந்து, இந்த அம்புக்குறியைத் தொடு. மெமரி கார்டுல வந்து ஒக்காந்துக்கும். அப்பால நெட்டே வோணாம்."

சனிக்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே வைஃபை கொஞ்ச நேரம் ஓசியில் வரும். அது கேட்கிற எண் அவருடைய பட்டன் போனுக்கு வர, கண்ணைச் சுருக்கிப் பார்த்து இந்தப் போனில் அடிக்க வேண்டும். பிறகு கோடு ஊர்ந்து ஊர்ந்து நகரும். பக்கத்தில் எக்ஸ்பிரஸ் தடதடத்துப் போனால் அறுந்துவிடும் என்று அவராகவே ஒரு பயம். போனை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார்.

"வணக்கம். இது பெண்கள் பெட்டி. நான் அருள்," என்றது குரல். நல்ல காதில் வைத்துக் கேட்டார். பட்டாபிராமில் ஏறி சென்ட்ரல் வரும்வரை மடியில் பூண்டு உரித்துக்கொண்டே வருகிற ஒரு அம்மாவின் கதை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. யார் யார் கதையோ சொன்னாள், தன் வீட்டுக் கதையைச் சொல்லவே இல்லை. மகள் என்று அவரிடம் மிச்சம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

கூட வேலை செய்கிற கோவிந்தன் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பிடித்துவிட்டான்.

"இன்னா மாமே, தனியா குந்திகினு சிரிக்கிற? யாரு லைன்ல, சின்ன ஊடா?"

"போடா. ஏதோ கதை."

பிடுங்கிக் கேட்டான். நின்றபடியே முழுசும் கேட்டான். அடுத்த வாரத்திலிருந்து திங்கள்கிழமை மதியம் அந்த மெமரி கார்டு, கோவிந்தனுடைய டப்பா ஸ்பீக்கருக்குள் போனது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்கள். பூண்டுக்கார அம்மாவுக்கு மருமகள் கொடுத்த தொல்லையைப் பற்றி வேலை நேரத்திலும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவள் யார் என்று துலுக்கானம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

அப்படி ஒரு திங்கள்கிழமை, கதை முடிந்து குரல் தணிந்தது.

"கேக்கறதுக்கு ஆள் இல்லீங்க. போன வாரம் ஒரே ஒருத்தர்னு காட்டுது. அதுக்கு முன்னயும் ஒண்ணுதான். அது எங்க வீட்டுக்காரரா இருக்கும், பாவம். அடுத்த வாரத்தோட நிறுத்திடலாம்னு கீறேன். யாராவது ஏதாவது சொல்லணும்னா, இந்த நம்பருக்குப் பேசி அனுப்புங்க."

கோவிந்தன் கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது. "இன்னாடா அநியாயம்! இத்தினி பேரு கேக்கறோம், ஒரு ஆளாம்?"

பேக்கிங் பிரிவு ரகுநாதன்தான் விளக்கினான். "மாமே ஒரு வாட்டி எறக்கினு வருது. நாம கூட்டமா டப்பால போட்டுக் கேக்கறோம். நெட்டுக் கணக்குக்கு எப்பிடித் தெரியும்? ஒரே டிக்கெட்ல ஊரே தியேட்டருக்குள்ள பூந்தா மாரி."

துலுக்கானம் சோற்றுடப்பாவை மூடினார். நாமே சிக்கனம் பிடித்து அவள் வாயை மூடிவிட்டோமா?

கோவிந்தன் தன் போனை எடுத்து நம்பரைப் போட்டான். "ஆளுக்கு ஒரு வார்த்தை. பேரு, ஊரு சொல்லணும்," என்று அவனே ஆரம்பித்தான். "மண்ணூர்பேட்டை பட்டறைலேர்ந்து பேசறோம். கோவிந்தன், திருமுல்லைவாயல். நிறுத்தாதம்மா. பூண்டு அம்மா கதி இன்னா ஆச்சினு தெரியாம எனக்குத் தூக்கம் வராது." போன் கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியில் துலுக்கானத்தின் வாய்க்கு நேராக நீட்டினான். "எறக்கினு வர்ற ஆளே நீதான். சொல்லு மாமே."

பேசினால் அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்டது யார் என்று தெரிந்ததும் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டால்? பேசாவிட்டாலும் நிறுத்தத்தான் போகிறாள்.

"துலுக்கானம்," என்றார். "மேனாம்பேடு."

"அவ்ளோதானா? நிறுத்தாதன்னு சொல்லு."

துலுக்கானம் போனைக் கையால் தள்ளிவிட்டார். கோவிந்தன் அழுத்தியிருந்த மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டான். பேசினது அவளுக்குப் போய்விட்டது.

அந்த வாரம் தகடு இரண்டு முறை கோணலாகப் போனது. மகளிடமிருந்து சுலோசனாவுக்கு ஏதாவது தகவல் வந்ததா என்று முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஸ்டேஷனில் பக்கத்தைத் திறந்தார். புதிது ஒன்று இருந்தது. கோடு ஊர்ந்து முடியும்வரை போனைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கடைசின்னு சொல்லியிருந்தேன்," என்றாள். "ஒரு பட்டறையிலேர்ந்து பேசி அனுப்பியிருக்காங்க. பேரு சொல்றேன்." ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி. கடைசிப் பெயருக்கு வந்தாள்.

"துலுக்கானம். மேனாம்பேடு."

அதற்குப் பிறகு நன்றி வரவில்லை. அவள் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் ஓடுகிற ரயில் சத்தம் மட்டும் வந்தது. போன் நின்றுவிட்டதோ என்று குலுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரி. கதைக்குப் போலாம்," என்றாள்.

நைனா என்று சொல்லவில்லை. நிறுத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சலித்துப்போய் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திங்கள்கிழமை மதியம் கோவிந்தன் ஸ்பீக்கரோடு வந்து கையை நீட்டினான். "கார்டை எடு மாமே."

"கார்டு கெடையாது."

"எறக்கலியா?"

"எறக்கினேன். குடுக்க மாட்டேன். அவங்கவங்க போன்ல, அவங்கவங்க நெட்ல போட்டுக் கேளுங்க."

"இன்னா திடீர்னு? ராத்திரி மேட்ச் பாக்க வெச்சிருந்த நெட்டு, மாமே."

"கணக்குல ஏறணும்டா. அது..." போனின் ரப்பர் பேண்டைச் சரிசெய்தார். "அது எம் பொண்ணு."

பிள்ளை இல்லை என்று வருஷக்கணக்காகச் சொன்ன ஆள். கோவிந்தன் அவர் மூஞ்சியைப் பார்த்தான். கேலி ஒன்று உதடுவரை வந்து, அப்படியே உள்ளே போய்விட்டது. டப்பா ஸ்பீக்கரைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தான். ரகுநாதன் எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள்.

ஒருத்தன் போனில் குரல் முன்னால் வந்தது, ஒருத்தன் போனில் சுற்றிச் சுற்றிப் பின்னால் வந்தது. வணக்கம் என்று ஒரு மூலையில் சொல்ல, நான் அருள் என்று இன்னொரு மூலையில் கேட்டது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கதை யாருக்கும் விளங்கவில்லை. அணைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை.

துலுக்கானம் ரப்பர் பேண்டு போட்ட போனை மடியில் வைத்துக்கொண்டு சோற்றுடப்பாவைத் திறந்தார். அங்கங்கே முன்னும் பின்னுமாக, ஷெட்டைச் சுற்றி அவர் பெயர் வந்துகொண்டிருந்தது.