சும்மா ஆடிய பச்சை விளக்கு

கம்ப்யூட்டர் வேலையில் ஆயிரம் வரி சரியாக எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒரு பொட்டு விளக்கு தப்பாக எரிந்தால் தாம்பரமே போன் போடும்.

வயர் இல்லாமல் நெட் பிடித்துத் தரும் யு.எஸ்.பி. ஸ்டிக்குக்கு டிரைவர் எழுதுவது என் வேலை. ஸ்டிக் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டர் சொல்வதை ஸ்டிக்குக்கும் புரியவைக்கும் ப்ரோகிராம் அது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிய கணவனின் உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடி ஆபீஸ். டிரைவர் பிரிவு என்றால் நானும் ஸ்டெல்லாவும்தான். நான் சீனியர், அவள் இன்னும் வேலை கன்ஃபர்ம் ஆகாதவள். இதே தொழிலில் அடிபட்டவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நமக்குள் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது.

யாருக்காக ஆடுகிறாய்?

எங்கள் ஸ்டிக்கில் ஒரு பச்சை விளக்கு. நெட் ஓடும்போது அது சிமிட்ட வேண்டும். ஆனால் யாரும் எதையும் தொடாதபோதும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லாதான் காரணத்தைப் பிடித்தாள். சுவரில் மாட்டிய வயர்லெஸ் பெட்டி 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று ஓயாமல் சிக்னல் விட்டுக்கொண்டிருக்கும். அந்த வெட்டிப் பேச்சுக்கெல்லாம் எங்கள் டிரைவர் விளக்கைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விளக்கென்றால் உண்மை பேச வேண்டாமா? உட்கார்ந்து திருத்தினேன். நிஜமாகவே தகவல் வந்து போனால் மட்டும் சிமிட்டும், இல்லாவிட்டால் கம்மென்று இருக்கும். பெருமையோடு ஸ்டெல்லாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கரெக்ட்தான் முரளி. ஆனா செத்துப்போன மாதிரி இருக்கே?"

கீழ்க்கட்டளை சார்

அடுத்து வந்த சரக்கில் விளக்கின் இணைப்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். ஸ்டிக்கை அணைத்தால் விளக்கு எரியும், போட்டால் அணையும். எந்தச் சரக்கு என்று டிரைவரே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி எழுதி, அந்த ஸ்டிக் வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்து, வீட்டுக்கே வந்து டிரைவரை மாற்றித் தருவதாகச் சொன்னோம். கீழ்க்கட்டளையில் ரிட்டயர் ஆன ஒருவர் போனை எடுத்தார். நான் பணிவாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் பதறிவிட்டார்: "அய்யய்யோ, வேணாம் சார்! இப்பதான் பழகியிருக்கேன். எரிஞ்சா தூங்கலாம், அணைஞ்சா வேலை பாக்கலாம். தயவுசெஞ்சு மாத்திடாதீங்க!"

ரிசல்ட் நாள்

எங்கள் பெரிய கஸ்டமர் ராஜகீழ்ப்பாக்கம் அமீன் பாய். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வயர் இழுக்கச் சுவரில் ஓட்டை போடக் கட்டடச் சொந்தக்காரர் விடவில்லை என்று எல்லா கம்ப்யூட்டருக்கும் எங்கள் ஸ்டிக்கை வாங்கி, கடை களைகட்டட்டும் என்று மானிட்டர் தலைமேல் நிற்கவைத்திருந்தார். இன்னும் இரண்டு கடை திறக்கப்போகிறார், அதற்கும் எங்களிடம்தான் வாங்குவதாகப் பேச்சு. அந்தக் கடைக்கு என் உண்மை விளம்பி டிரைவரை நானே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. ஊரே ஒரே சமயத்தில் பார்க்க, ரிசல்ட் சைட் படுத்துவிட்டது. தகவல் வரவில்லை, விளக்கும் ஆடவில்லை. மறுநாள் பாய் ஆபீசுக்கே வந்துவிட்டார்: "எதிர்க் கடைலயும் ரிசல்ட் வரல தம்பி. ஆனா அங்க உங்க பழைய ஸ்டிக்கு, லைட்டு ஆடிகினு இருந்துச்சு, சனம் உக்காந்துகினு இருந்துச்சு. இங்க லைட்டு நின்னுச்சு, சனமும் எந்திரிச்சுப் போயிடுச்சு!"

சத்தியமும் சம்பளமும்

பத்தாவது ரிசல்ட்டுக்குள் சரிசெய்யாவிட்டால் எல்லா ஸ்டிக்கையும் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பாய் போய்விட்டார். எங்கள் மேனேஜர் ரகு சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பாய் போனால் டிரைவர் பிரிவில் ஒரு ஆள் போதும். எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அப்போதும் எனக்கு வீம்பு. விளக்கைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன் என்று ஸ்டெல்லாவிடம் பெரிய பிரசங்கமே செய்தேன். அவள் பழைய டிரைவரை சிடியில் ஏற்றிக்கொண்டே பதில் சொன்னாள்: "நீங்க சத்தியத்தைக் காப்பாத்துங்க முரளி. நான் என் வேலையைக் காப்பாத்திக்கிறேன்."

பாய் சொன்ன தீர்ப்பு

பாய் கடையில் பழைய டிரைவர் போட்டதும் விளக்குகள் மறுபடி ஆடின. கூட்டமும் வந்தது. அந்த வாரமே ரோட்டில் யாரோ குழி தோண்டி லைனை அறுத்துவிட்டார்கள். நெட் சுத்தமாகப் போயிற்று, ஆனால் சுவர்ப்பெட்டி 'நான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்ததால் விளக்குகள் மட்டும் ஜோராக ஆடின. விளக்கை நம்பிப் பாயும் பேசாமல் இருந்துவிட்டார். கஸ்டமர்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

நாங்கள் இருவரும் போய் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "கஸ்டமருக்கு ஆடட்டும் தம்பி. எனக்கு மட்டும் உண்மையச் சொல்லணும்!"

பத்தாவது ரிசல்ட்

ஸ்டெல்லா ஒரே நாளில் எழுதிவிட்டாள். எந்த விளக்கு உண்மை பேச வேண்டும், எது சும்மா ஆட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளலாம். ரிசல்ட் அன்று நாங்களும் கடையில் நின்றோம். வழக்கம்போல சைட் படுத்துவிட்டது. கல்லாமேஜையில் பாயின் விளக்கு மட்டும் இருண்டிருந்தது. அவர் டீ குடித்துக்கொண்டு, "கொஞ்சம் டைம் ஆகும், உக்காருங்க" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

என் பக்கத்தில் ஒரு அம்மாவும் பெண்ணும். பெண் அழுகிற நிலைமையில் இருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மானிட்டர் உச்சியைக் காட்டினாள். நான் திருத்தியே தீருவேன் என்று குதித்த அதே பொய். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "வந்துடும் கண்ணு, பாரு, லைட்டு ஆடிகினுதானே கீது."

அந்தப் பெண் பாஸ், ஸ்டெல்லா கன்ஃபர்ம், பாய்க்கு இன்னும் இரண்டு கடை, என் வீட்டு மூலையிலும் இன்று ஒரு பச்சை விளக்கு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது, அது நிஜத்துக்கு ஆடுகிறதா என் நிம்மதிக்கு ஆடுகிறதா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தும் நான் பார்ப்பதில்லை.