முசே அந்துவான் திணறிய இடங்கள்

"டீச்சர், இந்த லைன்ல மூச்சு முட்டுது. நடுவுல எங்கியாவது ஒரு புள்ளி வைங்களேன்!"

போன மாதம் காலை வேளைகளில் என் வீட்டு ஹாலில் அடிக்கடி கேட்ட குரல் இது. குரலுக்குச் சொந்தக்காரர் முசே அந்துவான். ('முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா.) லாஸ்பேட்டையில் எனக்குப் பக்கத்து வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படித்தது முழுக்க பிரெஞ்சில். தமிழில் வெளுத்து வாங்குவார்... பேசும்போது மட்டும். வாசிக்கச் சொன்னால், பாசி பிடித்த படியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைப்பார்.

அப்படிப்பட்டவர் என் புத்தகத்தை ஏன் வாசித்தார்?

என் கணவர் போன பிறகு வந்த முதல் வருஷத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தேன். நானே வெளியிடுவது என்று முடிவு. அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்த அதே வாரம், எனக்குக் கண்ணில் ஆபரேஷன். "கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தையே தொடாதீங்க" என்றார் டாக்டர். அச்சகத்துக்காரரோ, "திருத்தம் என்னாச்சு மேடம்?" என்று விடாமல் போன்.

நான் தவிப்பதைப் பார்த்து, "நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டார் அந்துவான்.

அவர் மனைவி தெரேஸ் சிரித்துவிட்டார். "இவரா? ஓட்டல்ல மெனு கார்டையே நான்தான் படிச்சிக் காட்டறேன் டீச்சர்!"

முதல் நாள் எனக்கும் பொறுமை போய்விட்டது. ஒரு பக்கம் தாண்டுவதற்குள் காபி ஆறிவிட்டது. ஆனால் போகப் போக ஒன்று பிடிபட்டது. அவர் திணறிய இடங்களில் பாதி, தமிழ் வராததால் அல்ல. என் வாக்கியம் சரியில்லாததால்! வேகமாகப் படிக்கிறவர்கள் நம் தப்பைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். மெதுவாகப் படிக்கிறவர் அதில்தான் தடுக்கி விழுகிறார்.

இன்னொரு நாள். எனக்குப் பாகற்காய் ஆகாது. என் கணவருக்கு உயிர். அவர் போன பிறகும் காய்கறிக் கடையில் என் கை தன்னால் பாகற்காயைப் பொறுக்கிப் பையில் போட்டது என்று ஒரு இடம். அதற்கு அடுத்த பாராவில் தனிமை, வெறுமை, காலம் என்று நீட்டி முழக்கியிருந்தேன்.

"பாகற்காய்லயே புரிஞ்சிடுச்சே டீச்சர். அடுத்த பாரா எதுக்கு?" என்றார் அந்துவான்.

வெட்டினேன். என்ன நிம்மதி!

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. என் கணவருக்கு நெஞ்சு வலி வந்த அந்தக் கடைசி நாள். அன்று காரை ஓட்டியவர் தெரேஸ். பின் சீட்டில் என் கணவரின் தலையை மடியில் தாங்கியிருந்தவர் இதே அந்துவான். நான் முன் சீட்டில்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆஸ்பத்திரி போகும்வரை... அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கென்று... எதுவும் சொல்லாமலே..."

நின்றுவிட்டார்.

"எந்த வார்த்தை முசே? நான் சொல்றேன்."

"வார்த்தை இல்ல டீச்சர்... இது தப்பு. சாரு பேசினாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"'மெதுவா ஓட்டச் சொல்லுங்க முசே, அவளுக்குக் கார்ல தலை சுத்தும்'னாரு. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டு இருந்தீங்க. உங்களுக்கும் கேட்டிருக்கும்னுதான் இத்தினி நாளா நெனச்சிட்டிருக்கேன்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான் அதைத் தெரேஸ்கிட்ட சொல்லல. இன்னும் வேகமாப் போன்னுதான் சொன்னேன். அதுக்கு மட்டும் சாரு என்னை மன்னிக்கணும்."

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளேயிருந்து வருகிற தண்ணீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

எனக்கென்று ஒரு வார்த்தை விட்டுப் போகவில்லையே என்ற குறையோடுதான் அந்தப் புத்தகத்தையே எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தை பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறது! நெஞ்சு வலியிலும் என் தலைச்சுற்றலைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதரிடம் இனி என்ன குறை சொல்ல?

அத்தியாயத்தைத் திரும்ப எழுதினோம். நான் சொல்லச் சொல்ல, தெரேஸ் செல்போனில் தட்டினார். மூன்று பேரும் அவ்வப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டோம். முன்பிருந்ததில் பாதி நீளம்கூட வரவில்லை. போதுமே!

புத்தகம் போடலாம் என்றிருக்கிற வாசகர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அச்சுக்குப் போகும் முன் யாரையாவது சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தட்டுத் தடுமாறி வாசிக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். சொந்தக் கதை என்றால், அன்றைக்குக் கூட இருந்தவர்களிடம் கட்டாயம் காட்டுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த ஆள் கிடைக்கும். ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க அவர்களால்தான் முடியும்.

போன வாரம் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. முதல் பிரதியை அந்துவான் கையில் கொடுத்து, கடைசி நிமிஷத்தில் அச்சகத்துக்குப் போனில் சொல்லி நான் சேர்த்த நன்றிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"முசே... அந்-தோ-ணி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்க டீச்சர். பிரான்ஸ்ல என் பென்ஷன் ஆபீஸ்காரனும் எம் பேரைத் தப்பாத்தான் எழுதறான்!"

நண்பர்களே, நன்றிப் பக்கத்தை மட்டும் நீங்களே பிழை பார்த்துவிடுங்கள் — அங்கேதான் நமக்கு வேண்டியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.